கொக்கனேந்தல் பிள்ளைத் தராசு

போன மாதம் அங்கன்வாடிப் பணியாளர் பயிற்சி ஒன்றில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கரும்பலகையில் 'சமூகப் பணியில் பாகுபாடும் பன்மைத்துவமும்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. நான் வேலை பார்த்த காலத்தில் இந்த இரண்டு வார்த்தையும் எங்கள் வாயில் வந்ததில்லை. மேலத்தெரு, கீழத்தெரு, காலனி என்று மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவோம்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "அம்மா, நீங்க வேலைக்குப் போன ஊர்கள்ல உங்களைச் சாதி கேட்டாங்களா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கேக்காமத் தண்ணி குடுத்த ஊரு எதுன்னு கேளு தாயி, சட்டுன்னு சொல்லிப்புடுவேன்" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. "அப்புறம் எப்படி வேலை பாத்தீங்க?" என்று நின்றுகொண்டே இருந்தாள். அன்றைக்குக் கொடுத்த நேரத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது தொண்டிக்குப் பக்கத்தில், அரிசனக் குடியிருப்பு ஒன்றில். அய்யா தோணிகளில் மூட்டை ஏற்றி இறக்குவார். சரக்கு வராத நாளில் அய்யாவும் ஆத்தாவும் வயல் வேலைக்குப் போவார்கள். நான் அரசாங்க விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. முடித்தபோது, எங்கள் குடியிருப்பில் அந்தப் படிப்பின் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட ஆள் இல்லை. பிளாக் ஆபீஸ்கள் புதிதாக வந்துகொண்டிருந்த காலம். கிராம சேவிகா வேலைக்குப் படித்த பெண்கள் வேண்டும் என்றார்கள். மனுப் போட்டேன், கிடைத்துவிட்டது.

பயிற்சி நிலையத்தில் புகையில்லா அடுப்பு கட்டுவது, எருக்குழி வெட்டுவது, தையல், பிள்ளை வளர்ப்பு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஆரம்பத்தில் என் பக்கத்து இலை காலியாகவே கிடக்கும். பிறகு சைக்கிள் பாடம் ஆரம்பித்தது. எனக்கு அது சீக்கிரம் வந்துவிட்டது. மற்ற பெண்களுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட ஆள் தேவைப்பட்டது. நான்தான் ஓடினேன். அதற்கப்புறம் என் பக்கத்து இலைக்குப் போட்டியே வந்துவிட்டது. முழங்காலில் சிராய்ப்பு உள்ளவர்கள் எல்லாரும் என் சிநேகிதிகள்.

முதல் வேலை முதுகுளத்தூர் பக்கம், கொக்கனேந்தல் என்ற ஊரில். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் நெல், இல்லாவிட்டால் மிளகாய், இரண்டும் இல்லாவிட்டால் ஆடு. மேலத்தெருவில் நிலக்காரர்கள். காலனியில் அவர்கள் வயலில் வேலை செய்கிற எங்கள் ஆட்கள். நடுவில் ஓர் ஊரணி. ஊரணிக்கு இரண்டு படித்துறை. இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

என்னை அந்த ஊரில் கொண்டுபோய் விட்டவர் எனக்கு மேலதிகாரியான முக்கிய சேவிகா, ஞானசுந்தரி அம்மா. நாகர்கோவில் பக்கத்துக்காரர். நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. அவர் பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிடும். மற்ற அதிகாரிகள் ஒரு ஊருக்கு வந்தால் முதலில் கிராம முன்சீப் வீட்டுக்குப் போவார்கள். இவர் நேரே ஊரின் கடைசி வீட்டுக்குப் போவார். கடைசி வீடு எந்த ஊரிலும் காலனியில்தான் இருக்கும். அங்கே ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அங்கிருந்து வீடு வீடாக விசாரித்துக்கொண்டு நடந்து வருவார். முன்சீப் வீட்டுக்கு வந்து சேரும்போது உச்சிப்பொழுது ஆகியிருக்கும்.

"ஏம்மா, நேரா இங்கன வரக்கூடாதா?" என்று கேட்டால், "உங்க வீட்டுச் சாப்பாடு நல்லாருக்கும். மொதல்ல வந்தா எந்திரிக்க மனசு வராது, கேட்டியளா" என்பார். காலனியில் தண்ணீர் குடித்தவருக்கு இலை போடலாமா என்று அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தால் ஒரு வஞ்சனையும் இல்லாமல் சாப்பிடுவார்.

தீண்டாமையைக் குற்றம் என்று சொல்லிச் சட்டம் வந்த புதிது. பஸ்ஸில் போகும்போது அதைப் பற்றி அவரிடம் கேட்டேன். "சட்டம் நம்ம பையில இருக்கட்டும் மக்களே. எடுத்து நீட்டினா ஒருநாள்தான் செல்லும். பை கனமா இருக்குன்னு தெரிஞ்சா வருஷம் பூரா செல்லும்" என்றார்.

ஊர்க்கூட்டத்தில் அவர் என்னை அறிமுகப்படுத்தியதை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வரும். எப்படியும் கேட்பார்கள், மறைத்துப் பிரயோசனம் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஒரே மூச்சில் சொன்னார்: "இவ பேரு வேலம்மாள், தொண்டிப் பக்கம் காலனிப் பிள்ளை, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், சைக்கிள் ஓட்டுவா."

கூட்டம் கடைசி வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டது.

"என்னது, சைக்கிளா?"

"பொம்பளப் பிள்ளையா?"

"ஓட்டிக் காட்டச் சொல்லுங்க பாப்போம்!"

ஊரணிக் கரையை ஒரு சுற்று சுற்றி வந்தேன். நான் இறங்குவதற்குள் 'காலனிப் பிள்ளை' என்பது எல்லாருக்கும் தெரிந்த பழைய சேதியாகி, 'சைக்கிள்காரி' என்பது புதுச் சேதி ஆகிவிட்டது. அதற்காக உடனே வாசலுக்குள் விட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். தங்குவதற்கு மேலத்தெருவில் ஒரு வீடும் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தை ஒட்டி ஓர் ஓட்டறை கிடைத்தது. மேலத்தெரு வீடுகளில் மாட்டுக்கொட்டகை வரைதான் எனக்கு இடம். அங்கே நின்றுகொண்டுதான் பேச வேண்டும்.

வீட்டு விசாரணைக்கு எங்களுக்கு ஒரு முறை இருந்தது. முதலில் ஆட்டைப் பற்றிக் கேட்க வேண்டும், அப்புறம் மிளகாய், அப்புறம் அடுப்பு. பிள்ளையைப் பற்றி எடுத்தவுடன் கேட்கக் கூடாது. கேட்டால் கண்ணு போட்டுவிடுவாள் என்று பிள்ளையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார்கள். அதனால்தான் பிள்ளைத் தராசு வந்தபோது நான் பயந்தேன்.

பிளாக்கில் ஆரோக்கியக் குழந்தைப் போட்டி வைக்கப்போகிறோம், அதற்கு முன்னால் சில மாதம் பிள்ளைகளைத் தவறாமல் எடை பார்க்க வேண்டும் என்று உத்தரவு. தராசு என்றால் தட்டு இல்லை. கடிகாரம் மாதிரி வட்ட முகமும் முள்ளும் உள்ள வில் தராசு. அதை ஊரணிக் கரை வேப்ப மரத்துக் கிளையில் கட்டித் தொங்கவிட வேண்டும். கொக்கியில் காடாத்துணித் தூளி. முதலில் வெறும் தூளியை மாட்டி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் அரைஞாணைத் தவிர ஒன்றும் இல்லாமல் பிள்ளையை உட்கார வைத்து, கால் இரண்டையும் தூளியின் ஓட்டை வழியாகத் தொங்கவிட வேண்டும். பிள்ளை அழுது உதைத்து ஓயும்வரை பொறுத்திருந்து, முள் நின்ற பிறகு பவுண்டைச் சத்தமாகப் படிக்க வேண்டும். சத்தமாகப் படிப்பது கட்டாயம். தாய்க்குத் தெரியாமல் எடை பார்க்கக் கூடாது என்பது ஞானசுந்தரி அம்மாவின் கண்டிப்பு.

எடை பார்த்தால் பிள்ளை இளைத்துப்போகும் என்று ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. அந்தப் பயத்தைத் தெளிய வைக்க ஒரு பூசணிக்காயைப் போட்டுக் காட்டினேன். சிரித்தார்கள். அப்போது மேலத்தெருப் பெரியவீட்டு வெள்ளையம்மா, "எங்க கிடாக்குட்டியப் போட்டுப் பாரு" என்றார்.

வெள்ளையம்மாவைச் சொல்ல வேண்டும். பெரியவீட்டுக்காரர் செத்த பிறகு நிலம், ஆடு, ஆள் எல்லாவற்றையும் தனியாகக் கட்டி மேய்த்தவர். ஐம்பதுக்குள்தான் இருக்கும். குரல் ஊரணியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகும். அவர் ஆட்டுக்குட்டி தூளியில் உட்கார்ந்து, நாலு காலையும் தொங்கவிட்டு, ஊரையே ஒரு பார்வை பார்த்தது. கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. நான் எடையைப் படித்ததும், "எங்க குட்டின்னா சும்மாவா" என்று வெள்ளையம்மா முள் நின்ற இடத்தைக் கிட்டத்தில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

குட்டி துள்ளிக்கொண்டு ஓடியது. ஒன்றும் இளைக்கவில்லை. முதலில் பிள்ளையைத் தூக்கி வந்தவள் காலனி இருளாயி. பெரியவீட்டு மிளகாய்க் காட்டில் வேலை செய்கிறவள். சிரித்த முகம், வாய் கொஞ்சம் கூட. அவள் மகள் காளியம்மா கரிய நிறத்தில் கொழுக்கட்டை மாதிரி இருப்பாள். தூளியில் உட்கார்ந்ததும் தராசே தன்னுடையது என்பது போல் முள்ளைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

அவ்வளவுதான், மேலத்தெரு எழுந்துவிட்டது. அந்தப் பிள்ளை உட்கார்ந்த துணியில் எங்கள் பிள்ளையை உட்கார வைப்பதா? எங்களுக்கு வேறு தராசு வேண்டும். இல்லையென்றால் போட்டியும் வேண்டாம், நீ நடத்துகிற மாதர் சங்கமும் வேண்டாம். பேசியது எல்லாருமாக இருந்தாலும் குரல் வெள்ளையம்மாவுடையது. காலனிக்காரிகளுக்கு வேறு ஒரு சேதி போனது. தராசுக்குப் போகிறவள் மிளகாய்ப் பழம் எடுக்க வர வேண்டாம்.

இருளாயியிடம், "என்ன செய்யப்போற?" என்று கேட்டேன்.

"பழம் எடுக்கப் பெரியவீட்டுக்கு ஆளு வேணுமில்ல? பழுத்துச் செடியிலயே காஞ்சா அவுகளே கூப்புடுவாக. நீங்க தராசக் கழட்டாதீக, நான் வாரேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்த வேலை போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது என்பது எனக்குத் தெரியும்.

விஷயம் பிளாக் ஆபீசுக்குப் போனது. அங்கே ஒரு அதிகாரி நல்லவர், சண்டை பிடிக்காதவர். "நம்மகிட்ட இன்னொரு தராசு இருக்குல்ல? ஒத்தைத் தராசுக்காக ஒரு ஊரைப் பகைச்சுக்கணுமா?" என்றார்.

ஞானசுந்தரி அம்மா மறுத்துப் பேசவில்லை. "குடுத்திரலாம் சார். 'இது மேலத்தெருவுக்கு, இது காலனிக்கு'ன்னு உங்க கையால ஒரு உத்தரவு மட்டும் எழுதிக் குடுத்திருங்க. ஒண்ணும் இல்ல, நான் பத்திரமா வச்சுக்கிடுதேன்" என்றார்.

அதிகாரி பேனாவை எடுத்தார். மூடினார். "வெயில் என்னமா அடிக்குது" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பை கனமாக இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் மேலத்தெருவிலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை. காலனிப் பிள்ளைகளை மட்டும் எடை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது வெற்றியாகத் தெரியவில்லை.

இந்த நேரத்தில் வெள்ளையம்மாவின் மருமகள் செல்லம் ஒருநாள் ஊரணியில் தண்ணீர் எடுக்க வந்தவள், யாரும் இல்லாத சமயம் பார்த்து என்னிடம் பேசினாள். "அக்கா, எம் பிள்ளையும் அந்தத் தராசுல போடணும். அத்தைக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்டுரும்" என்றாள்.

"பிள்ளைக்கு என்ன?"

"பாலு வத்திப்போச்சுக்கா. இன்னொண்ணு வயித்துல இருக்குல்ல. கஞ்சித் தண்ணிதான் குடுக்கோம். கண்ணு பட்டுருச்சுன்னு தாயத்துக் கட்டிருக்காக."

சவலைப் பிள்ளை என்று எங்கள் பக்கம் சொல்வோம். அந்த வீட்டு மாட்டுக்கொட்டகையில் நின்று நான் பல தடவை அந்தப் பையன் ராசுவைப் பார்த்திருக்கிறேன். எப்போதும் துணி சுற்றியே தூக்குவார்கள். முகம் மட்டும் தெரியும். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. வெள்ளையம்மா தராசு வேண்டாம் என்றதற்குத் தீட்டு ஒரு காரணம்தான். காளியம்மாவின் எடையைப் படித்த அதே வாயால் பெரியவீட்டுப் பேரனின் எடையை ஊர் நடுவில் படிப்பேனே, அது இன்னொரு காரணம். அந்தக் காரணத்தைச் சொல்ல வெட்கம். தீட்டைச் சொல்ல வெட்கமில்லை.

வெள்ளையம்மாவிடம் கொட்டகையில் நின்று பேசிப் பார்த்தேன். ஆட்டைப் பற்றிக் கேட்டு, மிளகாயைப் பற்றிக் கேட்டு, அடுப்புக்கு வருவதற்குள், "எம் பேரனுக்கு ஒரு குறையும் இல்ல, நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த எடை பார்க்கும் நாளுக்கு ஞானசுந்தரி அம்மாவும் வந்திருந்தார். கோடை. காலனித் தாய்மார்கள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். காளியம்மாவை இறக்கி இருளாயி கையில் கொடுத்தேன். அப்போது செல்லம் மேலத்தெருவிலிருந்து ஓடி வந்தாள். தலைமுடி கலைந்து, முந்தானை தரையில் இழுபட, கையில் பிள்ளை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. காளியம்மா உட்கார்ந்த சூடு ஆறாத அந்தத் தூளியில் ராசுவை வைத்துவிட்டு, "பாருங்கக்கா, பாருங்கக்கா, ராத்திரியிலருந்து வயித்தால போகுதுக்கா" என்று அலறினாள்.

பிள்ளை உதைக்கவில்லை. அழவில்லை. பொறுத்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் முள் உடனே நின்றுவிட்டது. சத்தமாகப் படிக்க வேண்டும் என்பது விதி. நான் படிக்க வாயெடுத்தேன்.

அதற்குள் வெள்ளையம்மா வந்துவிட்டார். "அடியே செல்லம்! எங்கன கொண்டாந்து எதுல வச்ச..." என்று ஊரணிக் கரை முழுக்கக் கேட்கக் கத்திக்கொண்டே வந்தவர், தூளிக்கு முன்னால் வந்ததும் முள்ளைப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்த வட்ட முகத்தில் ஓர் இடம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இது..." என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "இது எங்க குட்டி நின்ன எடமில்ல?"

ஞானசுந்தரி அம்மா தூளிக்குப் பக்கத்தில் வந்தார். துணியை விலக்கிப் பிள்ளையின் தொடையைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய தோல் விட்ட பிறகும் அப்படியே மடிந்து நின்றது. "ஆஸ்பத்திரி. இப்பமே" என்றார்.

பெரியவீட்டு வில்வண்டியைப் பூட்டினார்கள். வழி நெடுக உப்பும் சர்க்கரையும் போட்ட கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பிள்ளைக்கு ஊற்றிக்கொண்டே போக வேண்டும். அதைப் பழகியவள் நான்தான். வண்டிக்குப் பக்கத்தில் போனதும் என் கால் தானாக நின்றது. வெள்ளையம்மாவும் நுகத்தடி பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். அந்த வண்டியில் எங்கள் ஆட்கள் அதுவரை ஏறியதில்லை.

ஞானசுந்தரி அம்மா இருவரையும் பார்க்காத மாதிரி வண்டியில் ஏறினார். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மாடு திடுக்கிட்டது. "வேலம்மா, நீ அந்தப் பக்கம் ஏறு. இல்லேன்னா வண்டி குடை சாஞ்சிரும், கேட்டியா" என்றார். வண்டிக்காரர் சிரித்துவிட்டார். நான் ஏறினேன். இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான், வண்டி உண்மையாகவே சாயும் என்றுதான் சொன்னாரோ என்னவோ.

முதலில் நான் சொல்லச் சொல்லச் செல்லமே ஊற்றினாள். பாதி வழியில் வண்டி குலுங்கி அவள் கரண்டி பிள்ளையின் கன்னத்தில் இடித்தது. வெள்ளையம்மா பிள்ளையை வாங்கினார். தண்ணீர் கடைவாயில் வழிந்தது. இன்னொரு தடவை ஊற்றினார், வழிந்தது. பிறகு பேரனைத் தூக்கி என் மடியில் வைத்தார். அவர் கை என் கையில் பட்டது. எடுத்துக்கொள்ள அவருக்கு நேரமில்லை. நான் பிள்ளையின் தலையை நிமிர்த்திப் பிடித்து, ஒவ்வொரு சொட்டாக நாக்கில் விட்டேன். ரொம்ப நேரம் கழித்து ராசு தானாகச் சப்பினான். வெள்ளையம்மா, "குடிக்கிறான்" என்றார். அப்புறம் ஆஸ்பத்திரி வரும் வரைக்கும் அந்த ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

டாக்டர் தொடையில் ஊசி குத்தித் தண்ணீர் ஏற்றினார். பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் தினமும் பெரியவீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பால் பவுடர் கரைப்பதில் ஒரு பக்குவம் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் விட்டு முதலில் களி மாதிரிக் குழைத்து, அப்புறம்தான் மீதித் தண்ணீரை விட வேண்டும். இல்லாவிட்டால் கட்டி கட்டியாகி, பிள்ளை துப்பிவிடும். அதோடு மசித்த பருப்பு, முட்டை. கொட்டகையைத் தாண்டி முற்றத்துக்கு வரச் சொன்னார்கள். ஓலைப்பாய் போட்டார்கள். நான் எழுந்து போனதும் அந்த இடத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். தினமும் போனேன், தினமும் தெளித்தார்கள். அந்தக் கோடையில் கொக்கனேந்தலிலேயே புழுதி இல்லாத முற்றம் அதுதான்.

இதை ஞானசுந்தரி அம்மாவிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வலிக்குதா மக்களே?" என்றார்.

"வலிக்குதும்மா."

"வலிக்கணும். வலிக்காமப் போச்சுன்னா நீ இந்த வேலைக்கு ஆகமாட்டே. நாளைக்கும் போ."

போனேன். ஒருநாள் தண்ணீர் தெளிக்க மறந்துவிட்டார்கள். அடுத்த நாள் தெளித்தார்கள். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது. பெரிய மாற்றங்கள் இப்படித்தான் வருகின்றன, கொட்டு மேளத்தோடு வருவதில்லை.

மிளகாய் பழுத்துச் செடியில் நின்றது. வெள்ளையம்மா ஆள் அனுப்பி இருளாயியைக் கூப்பிட்டார். அவள் சொன்னபடிதான் நடந்தது.

ஆரோக்கியக் குழந்தைப் போட்டி நாளும் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். பெரிய அதிகாரி ஒருவருடைய மனைவி பரிசு கொடுக்க வந்திருந்தார். எடை பார்க்க அதே தராசு, அதே தூளி. மேலத்தெரு ஆம்பளைகள் நாலு பேர் பந்தலுக்கு வெளியே கூடிக்கொண்டு, கடைசி நேரத்திலும் வேறு தராசு என்று ஆரம்பித்தார்கள். வெள்ளையம்மா பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்களைத் தாண்டி வந்தார்.

"ஏலே, ஒங்களுக்கு வேற தராசு வேணுமின்னா செட்டியார் கடையில புளி நிறுக்கிற தராசு இருக்கு, அங்கன போங்க. எம் பேரன் உசிரச் சொன்ன தராசு இதுதான்" என்றார். அந்தக் குரலுக்கு மேல் அந்த ஊரில் குரல் கிடையாது. மேலத்தெருப் பெண்கள் ஒவ்வொருவராகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்து நின்றார்கள். வரிசையில் யார் யாருக்குப் பின்னால் என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தார்கள். முகத்தைச் சுளித்தார்கள். ஆனாலும் நின்றார்கள்.

டாக்டர் எடை பார்த்து, பல் பார்த்து, கண் பார்த்து, முதல் பரிசு காளியம்மாவுக்கு என்றார். அதிகாரியின் மனைவி ஓர் எவர்சில்வர் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக் கன்னத்தில் முத்தமும் கொடுத்தார். மேலத்தெருப் பெண்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். காளியம்மா அந்த அம்மாவின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ராசுவுக்குப் பரிசு ஒன்றும் இல்லை. அவன் தேறி வந்தது பெரிய காரியம்தான், ஆனால் இன்னும் வரிசையில் பின்னால்தான் இருந்தான். ஆறுதல் பரிசு கொடுக்கலாமா என்று நான் கேட்டதற்கு ஞானசுந்தரி அம்மா கூடாது என்று தலையாட்டிவிட்டார்.

கொக்கனேந்தலில் சாதி அன்றோடு போய்விட்டது என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் நான் பொய் சொல்ல விரும்பவில்லை. ஊரணிக்கு இரண்டு படித்துறை அப்புறமும் இருந்தது. அதற்காக வேறு வருடங்களில் வேறு ஆட்கள் பாடுபட வேண்டியிருந்தது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் பந்தல் பிரிக்கும்போது நான் என் கண்ணால் ஒன்றைப் பார்த்தேன்.

இருளாயி கிண்ணத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு நின்றாள். வெள்ளையம்மா பேரனோடு நேராக அவளிடம் போனார். எப்போதும் எட்ட நின்று கூப்பிடுகிறவர், அன்றைக்குப் பக்கத்தில் போய் நின்றார். காளியம்மாவை மேலும் கீழும் பார்த்தார். ராசுவைப் பார்த்தார். மறுபடி காளியம்மாவைப் பார்த்தார்.

"ஏத்தா இருளாயி, அப்படி என்னதான் ஊட்டி வளக்குற இவள? எங்கிட்டச் சொல்லு. அடுத்த வருசம் எம் பேரன் இவள முந்தணும்."

இருளாயி மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். ஊரே பயப்படுகிற அந்த அம்மாளை நேருக்கு நேர் பார்த்தாள். பிறகு பல் எல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு சொன்னாள்:

"அதெப்படித் தாயி, போட்டிக்காரிகிட்டயே சொல்லிருவேனாக்கும்?"